லயத்துக்கு வரும் குட்டிகள்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் மலைப்புறத்தில், வீட்டுப் பிராணியைக் கடையிலே விலைபேசி வாங்கும் வழக்கம் பெரிதாக இல்லை. அங்கே குட்டி வீட்டுக்கு வரும் வழி வேறு. பாடசாலை விட்டு வரும் சிறுவன், பாதைத் திருப்பத்தில் எவரோ விட்டுச்சென்ற அட்டைப்பெட்டி ஒன்றைக் காண்கிறான். உள்ளே நாலைந்து நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்து முனகுகின்றன. அவற்றுள் ஒன்று அவனுடைய சட்டைக்குள் புகுந்து லயம் வந்து சேர்கிறது. மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்து வரும் தாய் அதனைக் கண்டதும் சொல்லும் முதற்சொல் பெரும்பாலும் ஒன்றே: எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்பது. பிள்ளை அழும். இரண்டு நாளில் தாயே அதற்குச் சோறு வைப்பாள். மூன்றாம் நாள் அதற்கு ஒரு பெயரும் வந்துவிடும்.

இவ்வாறு வந்த குட்டி ஆண்டுக்கணக்கில் வீட்டில் ஒருவராய் வாழ்வதும், ஒரு மாதத்துக்குள் மடிந்துபோவதும், அல்லது அவ்வீட்டுப் பிள்ளைக்கே பெருந்துன்பத்தைக் கொண்டுவருவதும் தலைவிதியால் நிகழ்வன என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், முதற் சில வாரங்களில் வீட்டார் அதனை ஏற்றுக்கொள்ளும் முறையிலேயே இவற்றுட் பெரும்பாலானவை தீர்மானமாகிவிடுகின்றன. அன்பில்லாமையால் விளையும் கேட்டினும், அன்பு அவசரப்படுவதால் விளையும் கேடே இதில் மிகுதி.

மடுல்சீமை கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைக் கடந்த உயரத்தில், ஊவா மலைகள் கிழக்கே தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் விளிம்பில் அமைந்திருக்கிறது. ‘சிறிய உலகமுடிவு’ என்று பயணிகள் நாடிச் செல்லும் மலைமுகடும் அப்பகுதியிலேதான் உள்ளது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறட்டுக்காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் வாங்கித்தந்த மணத்தைக் கொடுக்கிறது; தாயைப் பிரிந்த குட்டிக்கோ அக்காற்றே கூற்றுவன். ஐப்பசியிலிருந்து தைவரை வடகிழக்குப் பருவமழை நாட்கணக்கில் விடாது பெய்யும்போது, மூடுபனியும் ஈரமும் தகரக்கூரையின் கீழ் வந்து தங்கிவிடுகின்றன. திண்ணையில் ஒரு சாக்கைப் போட்டுவிட்டாற் போதும் என்னும் தாழ்நிலத்து யோசனை, றோபேரி, பட்டாவத்தை போன்ற தோட்டங்களிற் செல்லாது.

வீட்டின் அமைப்பும் எண்ணிப் பார்க்கவேண்டியது. முன்னாளில் தோட்டங்களிற் கட்டப்பட்ட லயக் காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்புறம் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் இன்று உள்ளன. எனினும் லயத்திலேயே வாழ்வோர் இன்னும் பலர். அங்கே ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. ஆகவே குட்டி வருவது ஒரு வீட்டுக்கு மட்டுமன்று. அதன் அழுகை அடுத்த காம்பராவிற் கேட்கும். அது அசுத்தம் செய்யும் வாசல் எல்லார்க்கும் உரிய வாசல். அது துரத்தும் கோழி இன்னொருவருடைய கோழி. முதல்வேலை, அயலாரிடம் சொல்லிவிடுவது. விடியற்காலையிற் பெரட்டுக்குப் போகவேண்டிய ஒருவர், மூன்று இரவு உறக்கம் கெட்டபின் வந்து போடும் சண்டை ஒருவகை. “அக்கா, ரெண்டு மூணு ராத்திரிக்குக் கத்தும், கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரே காட்டும் பொறுமை வேறொரு வகை. ஒரு வாய்ச்சொல்லில் முடியும் இக்காரியத்தைப் பலர் செய்வதில்லை.

குட்டியின் வயதை அறிவது அடுத்தது. நாய்க்குட்டி பிறந்து 10 முதல் 14 நாளிற் கண் திறக்கும். மூன்றாம் நான்காம் வாரத்திற் பாற்பல் முளைக்கத் தொடங்கும். எட்டு வாரமளவில் ஊசி போன்ற பற்கள் வாய் நிறைய வந்திருக்கும். தாயிடமிருந்து பிரிக்கத்தக்க வயது அந்த எட்டு வாரமே. அதுவரை பால் மட்டுமா கிடைக்கிறது? எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு நோகும் என்பதைக் குட்டி தன் உடன்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டே கற்கிறது. மிகுதியாகக் கடித்தால் மற்றது வீறிட்டு விலகிவிடும், விளையாட்டு நின்றுவிடும், அதுவே பாடம். நான்கு வாரத்திற் பெட்டியில் வைத்து எறியப்பட்ட குட்டிக்கு அப்பாடம் முடிவதில்லை. அது பிள்ளைகளின் கையையும் காலையும் அழுத்திக் கவ்வுவது அதனாலேயே அன்றிக் கெட்டகுணத்தால் அன்று. அயல்வீட்டு நாய் குட்டி போட்டிருந்து, அதில் ஒன்றைக் கேட்டிருப்பவர்கள், குட்டி அழகாயிருக்கிறது என்று ஐந்தாம் வாரத்திலேயே தூக்கி வராமல் எட்டாம் வாரம் வரை தாயிடமே விட்டுவைப்பது பெரும் நன்மை.

வந்த குட்டியை முதல்நாள் குளிப்பாட்டுவது பரவலான வழக்கம். அழுக்கும் தெள்ளுமாய் வந்த ஒன்றை அப்படியே வீட்டுக்குள் விட மனம் ஒப்பாது என்பது விளங்கக்கூடியதே. ஆயினும், ஏற்கெனவே குளிரால் விறைத்திருக்கும் சிறுவுடல், மடுல்சீமைத் தண்ணீரில் நனைந்தால் மீண்டும் சூடேறுவதற்குள் உயிர் போய்விடலாம். வெந்நீரிற் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிட்டால் அன்றைக்குப் போதும். தெள்ளுக்கும் உண்ணிக்கும் மண்ணெண்ணெய் பூசுவதும், தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்தை நீரிற் கலந்து ஊற்றுவதும் அதனினும் கொடியவை. குட்டி தன்னை நக்கிச் சுத்தம் செய்யும். பூசியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். உண்ணியை விரலாலோ சிறு இடுக்கியாலோ ஒவ்வொன்றாகப் பிடுங்குவது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அதிற் பழுதில்லை.

முதலிரவில் அதற்குத் தேவை சூடும் அமைதியும். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய சாக்கையும் அதன்மேல் தாய்மார் உடுத்துக் கழித்த சேலைத் துண்டையும் விரித்து, நிலத்து ஈரம் ஏறாதபடி பலகைத் துண்டின்மேல் வைக்கலாம். போத்தலில் இளஞ்சூட்டு வெந்நீரை நிரப்பி, துணியிற் சுற்றிப் பக்கத்தில் வைத்தால், உடன்பிறந்த குட்டிகளின் கதகதப்பு ஓரளவு கிடைக்கும். அடுப்படிக்கு மிக அருகில் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. மிலாறு எரித்த அடுப்பிற் சாம்பல் வெளியே வெண்மையாகவும் உள்ளே நெருப்பாகவும் இருக்கும். குளிரிற் சூட்டைத் தேடிச் சாம்பலுக்குள் இறங்கும் குட்டிகள், சிறப்பாகப் பூனைக்குட்டிகள், பாதம் வெந்துபோவது உண்டு. பெட்டி அடுப்பிலிருந்து எட்ட இருக்கட்டும். புகையும் அதற்கு நல்லதன்று.

இரவிலே குட்டி அழும். அது பசியால் மட்டுமன்று, தனிமையாலும் அழும். பெட்டியை ஆட்கள் உறங்கும் இடத்துக்கு அருகே வைத்து, அழும்போது கையை மெல்ல அதன்மேல் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழியைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். குட்டி வளர்ப்பில் அப்பழமொழி தோற்றுப்போகிறது. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை மனிதரோடும் வீட்டுச் சந்தடியோடும் அமைதியாகப் பழகிய நாயே பின்னாளில் அஞ்சாமலும் அநாவசியமாகக் கடிக்காமலும் வளர்கிறது. பூனைக்கு அந்தக் காலம் இன்னும் குறுகியது. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரமளவிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

லயத்திற் குட்டி வந்த செய்தி பரவியதும், எல்லாக் காம்பராப் பிள்ளைகளும் வந்து கூடிவிடுவர். கைக்குக் கை மாறும். ஒருவன் தூக்குவான், ஒருத்தி முத்தமிடுவாள், கீழே விழுந்து கால் முறிவதும் நேரும். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும், அதுவும் நிலத்தில் உட்கார்ந்தபடி, குட்டி தானாக அருகில் வரும்போது மட்டும் தொடுவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டால் குட்டியும் பிழைக்கும், பிள்ளையும் கீறல்படாது. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனைத் தொடலாகாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது வீட்டிலுள்ள பெரியவரின் பொறுப்பு. கைக்குழந்தை உள்ள வீட்டிலே, குழந்தையையும் பிராணியையும் தனியே விட்டு ஒரு நொடியும் போகலாகாது. பிள்ளையைக் காத்த கீரியைத் தவறாக எண்ணிக் கொன்ற தாயின் கதை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அறியாதார் இலர். அவசரத்தைக் கண்டிக்கச் சொன்ன கதை அது. ஆனால், தொட்டிலருகே ஒரு பிராணியைக் காவல் வைத்துவிட்டுத் தாய் தண்ணீருக்குப் போனது சரிதானா என்று அக்கதையைக் கேட்கும் எவரும் வினவுவதில்லை.

உணவைப் பற்றிச் சில சொல்லவேண்டும். எட்டு வாரக் குட்டிக்கு நாளொன்றுக்கு நாலு தடவை சிறுகச் சிறுகக் கொடுப்பது நன்று. குழைய வேகவைத்த சோறு, முள் நீக்கிய மீன், அவித்த முட்டை ஆகியவை எந்த லயத்திலும் கிடைக்கக்கூடியவை. நெத்தலிக் கருவாடு கொடுப்பதானால் ஊறவைத்து உப்பைக் கழுவிய பின்னரே கொடுக்கவேண்டும். பசும்பாலும் கரைத்த பால்மாவும் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். சிறுகுட்டி வயிற்றோட்டத்தில் ஒரே நாளில் வாடிவிடும். பாற்பருவத்திலேயே தாயை இழந்த குட்டிக்கு என்ன பால் கொடுப்பது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டே செய்யவேண்டும். ரொட்டித் துண்டைச் சம்பலோடு எறிவது வீடுகளில் எளிதாக நடக்கும் காரியம். சம்பலிலும் கறியிலும் உள்ள வெங்காயமும் உள்ளியும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பது அங்கே பலருக்குத் தெரிவதில்லை. வேகவைத்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

வேலைநாட்களில் காலையில் பெற்றோர் மலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் போய்விட்டால் குட்டியைப் பார்ப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை இல்லாத வீட்டிற் குட்டியை எடுக்காதிருப்பதே அதற்குச் செய்யும் தயவு. பெரும்பாலும் லயத்தில் ஒரு பாட்டியோ, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவோ இருப்பார். அவரிடம் ஒப்படைப்பது முறையான ஏற்பாடாக இருக்கவேண்டும்; உணவையும் அவரிடமே வைத்துச் செல்லவேண்டும். குறுகிய கயிற்றில் நாள்முழுதும் கட்டிவைக்கப்பட்ட குட்டி வளர்ந்தபின், வருவோர் போவோரையெல்லாம் பகைவராக எண்ணும்.

வீட்டில் முன்னரே பூனையோ நாயோ கோழியோ இருக்குமானால், புதுக்குட்டியை அவற்றின்முன் கொண்டுபோய் நீட்டுவது தவறு. புதியது படுத்த துணியைப் பழையதன் அருகிலும், பழையதன் துணியைப் புதியதன் பெட்டியிலும் இரண்டொரு நாள் வைத்தால், கண்ணாற் காணுமுன் மூக்கால் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். பின்பு எட்ட நின்று பார்க்க விடலாம். கோழிகளின் இடையே நாய்க்குட்டியை முதலிற் கயிற்றோடுதான் நடத்தவேண்டும். ஒரு தடவை கோழியைத் துரத்தி அதன் சுவை கண்ட குட்டியைத் திருத்துவது மிகக் கடினம்; லயத்தில் அதன் ஆயுளும் நீளாது.

பூனைக்குட்டியின் இயல்பு வேறு. அது கட்டிலின் கீழோ பெட்டிகளின் இடுக்கிலோ புகுந்து இரண்டு மூன்று நாள் வெளியே வராது. இழுத்து எடுக்காமல், உணவையும் நீரையும் ஓரிடத்திலும், மணலோ சாம்பலோ இட்ட தட்டை எட்டவும் வைத்துவிட்டால், இருளானதும் தானே வரும். பூனை சோர்ந்து படுத்தால் பிள்ளைக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பனடோலில் கால்வாசி கொடுத்தாற் சுகமாகும் என்று எண்ணிக் கொடுத்தவர்கள் உண்டு. பூனையின் ஈரலுக்கு அம்மருந்தை முறித்து வெளியேற்றும் வல்லமை இல்லை. மனிதருக்குச் சுகந்தரும் அச்சிறு துண்டு பூனையைக் கொல்லப் போதுமானது.

முயலும் கினிப்பன்றியும் வளர்க்கும் சிறுவர்கள் இப்பகுதியிலும் உள்ளனர். இவற்றுக்கு மடுல்சீமைக் குளிரைவிட ஈரமும் ஊதைக்காற்றுமே பகை. கூடு நிலத்திலிருந்து உயர்ந்திருக்கவேண்டும். காற்றடிக்கும் பக்கம் பலகை வேண்டும். உணவில் புல்லே முதன்மை. மருந்து தெளித்த தேயிலை மலையோரத்துப் புல்லை அறுத்துவருவது ஆகாது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் கொறிக்க ஒரு கொய்யாக்கிளை போடலாம். கினிப்பன்றிக்கு மனிதரைப் போலவே உயிர்ச்சத்து ‘சி’யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது, பச்சையிலையும் கொய்யாப்பழமும் அதற்கு மருந்துக்கு ஒப்பானவை. இரண்டும் ஆண்முயல் என்று சொல்லி ஒருவர் கொடுத்துச் சென்ற சோடி, ஒருமாதம் கழிந்ததும் ஏழெட்டுக் குட்டியாக நிற்பது எங்கும் நடப்பதே. முயலின் சினைக்காலம் 31 நாளளவே.

குட்டி வந்த வாரத்திலேயே செய்யவேண்டிய ஒன்று, குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பது. நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றிலேயே வட்டப்புழு தொற்றிவிடுகிறது. வயிறு மட்டும் பானைபோல் ஊதி, முதுகெலும்பு துருத்தி நிற்கும் குட்டியைப் பார்த்து ‘நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது’ என்று மகிழ்வோர் இருக்கிறார்கள். அது புழுவின் வேலை. இரண்டாம் வாரம் முதல் இரு வாரத்துக்கு ஒரு தடவையாகச் சில தடவைகள் மருந்து தரவேண்டும் என்பர் மிருக வைத்தியர். இது குட்டிக்கு மட்டும் செய்யும் உபகாரமன்று. அதன் மலத்தோடு விழும் புழுமுட்டைகள் மண்ணிற் கிடந்து, சில வாரத்தில் தொற்றும் ஆற்றல் பெறுகின்றன. அம்மண்ணில் விளையாடிய கையோடு உண்ணும் பிள்ளையின் உடலிற் புகுந்து ஈரலுக்கும், சிலவேளை கண்ணுக்கும் கேடு செய்கின்றன. குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும், பிள்ளைகள் சோப்பிட்டுக் கைகழுவுவதும் இதனாலேயே வற்புறுத்தப்படுகின்றன.

இனி, இவ்விடயத்தில் தலையாயதற்கு வரவேண்டும். அது விசர் நோய்.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, விசர் நாயாற் கடிபட்ட யோசேப்பு மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் தம் தடுப்புமருந்தை ஏற்றச் செய்தார். பதினொரு நாளில் பதின்மூன்று ஊசி. சிறுவன் பிழைத்தான். தென்னிந்தியாவில் அச்சிகிச்சைக்காகவே நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907இற் பாஸ்டர் நிலையம் தோன்றியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலைநாட்டிலிருந்து சென்ற பல குடும்பங்கள் இன்று வாழ்வதும் அதே நீலகிரியில்தான். இலங்கையில் விசர் நோயைத் தடுக்கும் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901இலும் இயற்றப்பட்டன. 1973ஆம் ஆண்டில் இந்நோயால் இத்தீவில் இறந்தோர் 377 பேர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் வேலை ஊரூராகப் பரவியதன் பயனாக, அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆயினும் அந்தச் சிலரில் எவரும் இறந்திருக்க வேண்டியவரல்லர். நோய்க்குறி தோன்றியபின் மருந்து ஏறக்குறைய இல்லை. தோன்றுமுன் மருந்து உறுதியாக உண்டு.

விசர் என்றதும், வாயில் நுரை தள்ள வெறிபிடித்து ஓடும் பெருநாயே பலருக்கு நினைவில் எழும். சிறுகுட்டிக்கும் விசர் வரும் என்பதை எண்ணுவார் குறைவு. பெட்டியில் விடப்பட்ட குட்டியின் தாய் யார், அதனை எது கடித்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. மேலும் இந்நோயில் ஓர் அமைதி வகையும் உண்டு. அதிற் குட்டி வெறிகொள்வதில்லை. ஒதுங்கிப் படுக்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று இரக்கப்பட்டு வீட்டார் வாய்க்குள் விரலை விட்டுத் தேடுவார்கள். நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்னதாகவே எச்சிலில் நோய்க்கிருமி இருக்கும். பூனையும் இந்நோயைக் கொண்டுவரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, வந்த குட்டியைப் பிரதேச மிருக வைத்தியரிடமோ, பொதுச் சுகாதாரப் பகுதியினர் நடத்தும் தடுப்பூசி முகாமுக்கோ கொண்டுபோவதை ஒத்திப்போடலாகாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஊசி கூடாது என்று ஓர் எண்ணம் நிலவுகிறது. முகாமுக்கு வரும் நாய்களுள் மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளுக்கும் ஊசி ஏற்றவேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. பின்பு வைத்தியர் குறித்த நாளில் மறுபடியும், அதன்பின் ஆண்டுதோறும் ஏற்றவேண்டும். ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது. அதற்குச் சில வாரம் செல்லும். தன் நாய்க்கு மட்டும் ஊசி போட்டு மன அமைதி கொள்வதற்கும் லயத்தில் இடமில்லை. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் தடுப்பூசி ஏற்றினாற்றான் நோய்ச்சங்கிலி அறும் என்பது கணிக்கப்பட்ட உண்மை. முகாம் நடக்கும் நாள் வேலைநாளாக அமைந்தால் நாயைக் கொண்டுபோக வீட்டில் ஆள் இருக்காது. ஒருவர் நாலைந்து வீட்டு நாயையும் கூட்டிச்செல்ல, மற்றவர்கள் அவருக்கு வேறு வகையில் உதவுவது என்று லயத்தார் பேசிக்கொண்டாற் காரியம் எளிதாகும்.

குட்டி கவ்வித் தோல் கீறினாலும், பல்லோ நகமோ பட்டு இரத்தம் கசிந்தாலும், முதல் மருந்து சோப்பும் ஓடும் நீருமே. 15 நிமிடம் விடாது கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் முதலியவற்றை அப்புவது புண்ணைப் பெரிதாக்குமேயன்றிக் கிருமியைப் போக்காது. பிறகு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஊசி தேவையா, எத்தனை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். கடித்த பிராணியைக் கொன்றுவிடாமல் 10 முதல் 14 நாள் வரை கட்டிவைத்துக் கவனிப்பது முறை. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது முறையன்று. இடையில் அது இறந்துபோனால், கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற் சோதிக்க வழியுண்டு. புதைக்குமுன் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவேண்டும்.

இத்தனையும் அறிந்த வீட்டிலும் ஒரு பிள்ளை இறக்கக்கூடும். அதற்குக் காரணம், அந்தப் பிள்ளை கடிபட்டதை ஒருவருக்கும் சொல்லாமல் விட்டதாயிருக்கும். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டு வா என்ற சொல் அதன் காதில் இன்னும் ஒலிக்கிறது. கடித்தது என்று சொன்னால் குட்டியை அடித்துக் கொல்வார்கள், அல்லது மறுபடியும் பாதைத் திருப்பத்தில் விட்டுவிடுவார்கள் என்று அது அஞ்சுகிறது. தன்னையும் அடிப்பார்கள். வயிற்றிலே பதினான்கு ஊசி குத்துவார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறது. அந்தப் பதினான்கு ஊசி முன்னாளில், ஆட்டின் மூளையிலிருந்து எடுத்த மருந்தின் காலத்துக்கு உரியது. இக்காலத்தில் மேற்கையிற் சில ஊசிகளோடு முடிந்துவிடும். கடி ஆழமாயிருந்தால் புண்ணைச் சுற்றி இன்னொரு மருந்தையும் ஏற்றுவர். இதனை அறியாத பிள்ளை, கீறலைக் காற்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போகிறது. நோய் வெளிப்பட ஒன்று முதல் மூன்று மாதம் செல்லலாம். சிலவேளை அதற்கும் மேலாகலாம். அப்போது கடித்த நாளே எவருக்கும் நினைவிராது.

குட்டியை வீட்டுக்குள் எடுக்கும் அந்த மாலையிலேயே இதற்கு வழி செய்யவேண்டும். வைத்துக்கொள்வது என்று முடிவானால், தகப்பனோ தாயோ பிள்ளையை அருகழைத்து, “கடிச்சாலும் கீறினாலும் உடனே வந்து சொல்லு. குட்டிய விரட்ட மாட்டோம், உன்னையும் அடிக்க மாட்டோம்” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். முதற் கீறலோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு வசை விழுந்தால் இரண்டாம் கீறல் வீட்டுக்குத் தெரியவராது. வைத்துக்கொள்ள இயலாது என்று முடிவானால் அதனையும் அன்றே சொல்லிவிட்டு, வேறொரு வீட்டைத் தேடிக் கொடுப்பது, பத்து நாள் பழகவிட்டுப் பின்பு பிள்ளை உறங்கும்போது கொண்டுபோய் விடுவதினும் மேலானது.

மரத்திலிருந்து விழுந்த அணிற்குஞ்சையும் மைனாக்குஞ்சையும், சிலவேளை தேவாங்கையும் பிள்ளைகள் கொண்டுவருவதுண்டு. 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டம் பெரும்பாலான காட்டுயிர்களைப் பிடித்து வளர்ப்பதைத் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, காட்டுயிர் வீட்டிற் பிழைப்பது அரிது. பறவைக்குஞ்சை விழுந்த மரத்திலேயே ஒரு கிளையில் ஏற்றிவிட்டு விலகி நின்றால், தாய்ப்பறவை பெரும்பாலும் வந்து சேரும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை.

வளரும் நாய்க்குட்டியை இரவில் இஸ்தோப்பிற் கட்டிவைப்பதும் மலைநாட்டில் நல்லதன்று. தோட்டங்களை அடுத்த காடுகளில் வாழும் சிறுத்தை, நாயைத் தேடி லயத்தருகே வருவதுண்டு. கட்டப்பட்ட நாய்க்கு ஓட வழியில்லை. நாயின் வாசனைக்கு வந்த சிறுத்தை மறுநாளும் வரும். அதன்பின் சுருக்குக் கம்பி, சிறுத்தையின் சாவு, வழக்கு என்று காரியம் வளர்ந்துவிடும். இரவில் நாய் கதவுக்கு உள்ளே இருந்தால் இவை எவையும் இல்லை.

பாதைத் திருப்பத்துப் பெட்டியில் இருப்பவற்றை எண்ணிப் பார்த்தால், பெட்டைக்குட்டிகளே மிகுதியாக இருக்கும். கடுவன்களை எவரேனும் கேட்டு வாங்கிவிடுவர். பெட்டை குட்டிபோட்டுத் தொல்லை தரும் என்று ஒதுக்கிவிடுவர். பெட்டைநாயின் சினைக்காலம் 63 நாளளவு. ஆண்டில் இருமுறை ஈனக்கூடும். ஆறு மாதமளவில் அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் அத்தொல்லை தீர்ந்தது. தடுப்பூசி முகாம்களோடு சேர்த்து இச்சிகிச்சையும் சில இடங்களில் நடைபெறுகிறது. எங்கே, எப்போது என்பதை மிருக வைத்தியர் அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். சிகிச்சை முடிந்த நாயைப் பத்து நாள் மழையில் நனையவிடாமல், தையலை நக்கவிடாமல், உலர்ந்த இடத்தில் வைத்திருக்கவேண்டும். மடுல்சீமையில் அதற்கு ஏற்ற மாதங்கள் பங்குனியும் அதற்கு முந்திய மாசியும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் புண் ஆறுவது கடினம்.